உப்புவெளிக்கு ஒரு குடும்பம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பொலிவியாவின் உயர்நிலப் பாலை குறித்துத் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்ததிலிருந்து அங்கே போக வேண்டும் என்ற ஆசை எங்கள் வீட்டில் வளர்ந்துவிட்டது. வரும் ஜூலையில் என் கணவர், பத்து வயது மகன், 66 வயதான என் மாமியார், நான் என நால்வரும் கிளம்புகிறோம். சிலியின் சான் பெட்ரோ தெ அட்டகாமாவிலிருந்து மூன்று நாள் ஜீப்பில், பொலிவியாவின் உப்புவெளியை ஒட்டிய உயூனி ஊர் வரை போவதாகத் திட்டம். சான் பெட்ரோ 2,400 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. தாழ்வான இடத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறினால் அத்தைக்கு நல்லது என்று நினைத்தோம். என் கணவரின் தயக்கம் வேறு. புல்லும் இல்லாத நிலத்தில் மூன்று நாள் வண்டிக்குள் அடைந்து கிடந்தால் பையன் சலித்துப்போவான், அம்மா மூட்டையைப் போல உட்கார்ந்து வர வேண்டியிருக்கும் என்கிறார். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

தங்கள் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் திட்டத்தின் திசையை மாற்றுங்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். சான் பெட்ரோவிலிருந்து கிளம்பும் வண்டி ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாயிரம் மீட்டர் ஏறி எல்லையை அடைந்துவிடும். அன்றே ஏறத்தாழ 4,850 மீட்டரில் உள்ள வெந்நீராவி ஊற்றுகளையும் காட்டிவிட்டு, 4,300 மீட்டரை ஒட்டிய லகுனா கொலராடா ஏரியின் பக்கத்தில் உங்களைப் படுக்க வைப்பார்கள். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. எங்கே தொடங்குகிறோம் என்பதைவிட முதல் இரவு எங்கே படுக்கிறோம் என்பதைத்தான் உடம்பு கணக்கில் வைத்துக்கொள்கிறது.

நீங்கள் செய்த கணக்கையே நானும் ஒருமுறை செய்தேன். எங்கள் குடும்பம் 2,950 மீட்டரில் இருக்கும் துபிசாவிலிருந்து புறப்பட்டது. அது தாழ்வான ஊர், ஆகவே குழந்தைக்கு ஏற்றது என்று பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். முதல் இரவுத் தங்கல் 4,200 மீட்டரில் இருந்தது. அப்போது ஒன்பது வயதான எங்கள் மகள் தலை வலிக்கிறது என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சூப்பைத் தள்ளி வைத்தாள், காரணமில்லாமல் சிடுசிடுத்தாள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பயணக் களைப்பு என்று விட்டுவிட்டோம். நள்ளிரவில் வாந்தி தொடங்கியது. விடிவதற்கு முன்பே ஓட்டுநர் அவள் முகத்தில் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். எங்களோடு விவாதிக்காமல், கூரைமேல் ஏறிப் பெட்டிகளைக் கட்டத் தொடங்கினார். வந்த வழியே இறங்கினோம். துபிசாவை நெருங்கியபோது அவளாகவே எழுந்து உட்கார்ந்து, ரொட்டி இருக்கிறதா என்று கேட்டாள். அந்த மனிதருக்கு எங்கள் குடும்பம் பட்டிருக்கும் கடன் பெரிது. குழந்தைகளுக்கு மலைநோய் இப்படித்தான், பசியின்மையாகவும் எரிச்சலாகவும் வரும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

ஆகவே பயணத்தை மறுமுனையிலிருந்து தொடங்குங்கள். சுக்ரே நகரம் 2,800 மீட்டரில் இருக்கிறது. அங்கே மூன்று இரவுகள் தங்குங்கள். பிறகு 3,660 மீட்டரில் உள்ள உயூனியில் இரண்டு இரவுகள். ஜீப் பயணத்தின் முதல் நாள் முழுவதும் உப்புவெளியிலேயே போகும். அதன் கரையில் உப்புக்கட்டிகளால் கட்டிய விடுதியில் படுத்தால் அதே உயரத்திலேயே இருப்பீர்கள். மூன்று நாளை நான்காக நீட்டச் சொல்லுங்கள். ஏரியோரத் தங்கலுக்குப் பதிலாகச் சுமார் 4,000 மீட்டரில் இருக்கும் வில்யாமார் கிராமத்தில் தங்கல் கேளுங்கள். மிக உயரமான இடம் கடைசி நாளில் வரும். அதைக் கடந்ததும் எல்லை, பிறகு ஒரே இறக்கமாகச் சான் பெட்ரோ. உங்கள் அத்தை புறப்படுமுன் தம் மருத்துவரைப் பார்க்கட்டும். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து எடுப்பவரானால் அது மிகவும் அவசியம். மலைநோயைத் தடுக்கக் கொடுக்கப்படும் அசெட்டசோலமைடு மாத்திரையையும் மருத்துவர் சொன்னால் மட்டுமே எடுக்கலாம்.

வண்டியை முழுதாக உங்களுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஆறு பயணிகளை ஏற்றுவார்கள். செலவு கூடத்தான் செய்யும், ஆனால் நிற்கவும் திரும்பவும் உங்களுக்கு உரிமை இருக்கும். முன்பின் தெரியாத இரண்டு பேரிடம், ஊற்றுகளைப் பார்க்காமல் இறங்கலாமா என்று நள்ளிரவில் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. முன் இருக்கை அத்தைக்கு. ஆக்சிஜன் உருளை வண்டியில் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ஜூலை இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 15 பாகைக்கும் கீழே போவதுண்டு. பாலை என்றதும் நம் மொழி மனதில் வெயிலைத்தான் எழுப்புகிறது. இந்தப் பாலை உறைந்த பாலை.

இனி உங்கள் கணவரின் கவலைக்கு வருகிறேன். உப்புவெளி 10,000 சதுர கிலோமீட்டருக்கும் பெரியது. அவ்வளவு பரப்பிலும் மேடு பள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவுக்குள்தான் என்பதால், செயற்கைக்கோள்களின் உயரமானிகளைச் சரிபார்க்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். படங்களில் வரும் வானக் கண்ணாடி, அதாவது தேங்கிய நீரில் வானம் பிரதிபலிக்கும் காட்சி, மழைக்காலத்தில், பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை தெரிவது. ஜூலையில் அது இருக்காது என்பதைப் பையனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். உலர்ந்த காலத்தில் அவன் பார்க்கப்போவது வேறு. வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைக்கச் சொல்லி, அவனைத் தரையில் மண்டியிட வையுங்கள். உப்பு, பாய் விரித்தாற்போல அறுகோணங்களாகப் பிளந்து கிடக்கும்; ஒவ்வொரு கோணத்தின் ஓரத்திலும் விரல் தடிமனில் வரப்பு எழும்பியிருக்கும். வரப்பைக் கிள்ளினால் பொருபொருவென்று உதிரும், நாவில் வைத்தால் சுரீரென்று கரிக்கும். மேலோட்டுக்கு அடியில் இருக்கும் உப்புநீரில், கனத்த நீர் கீழே அமிழ, லேசான நீர் மேலே வருகிறது. அந்தச் சுழற்சிதான் மேலே இந்தக் கோலத்தைப் போடுகிறது. லித்தியம் இருப்பதும் அந்த நீரில்தான். பிறகு உப்புவெளிக்குப் போனபோது எங்கள் மகள் அங்கே வயிற்றை அழுத்திப் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் எழவில்லை, நாங்களும் எழுப்பவில்லை.

வெளியின் நடுவே இன்காவாசி என்ற பாறைத்தீவு இருக்கிறது. அதெங்கும் கள்ளி மரங்கள். அவை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்வதாகச் சொல்கிறார்கள். உங்கள் மகனைத் தன் உயரமுள்ள கள்ளி ஒன்றின் அருகே நிறுத்தி, அதன் வயதைக் கணக்கிடச் சொல்லுங்கள். நூற்று முப்பதோ நூற்று நாற்பதோ என்று வரும். பிறகு அவனே தலையை அண்ணாந்து, அடுத்திருக்கும் பெரிய கள்ளியைப் பார்ப்பான்.

வடக்குக் கரையில் நிற்கும் துனுபா எரிமலையை உங்கள் அத்தைக்குக் காட்டுங்கள். மலைகள் மனிதராக இருந்த காலத்தில் துனுபா ஒரு பெண். கணவன் அவளைக் கைவிட்டு இன்னொருத்தியோடு போனபோது, அவள் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அழுதாள். கண்ணீரும் பாலும் கலந்து ஓடி உறைந்ததே இந்த வெளி என்பது அப்பகுதிப் பழங்குடிகளான ஐமாரா மக்களின் கதை. இதைப் பேரனுக்கு அவர் வாயால் சொல்லக் கேட்பது அழகாக இருக்கும்.

தெற்கே, 1879இல் சிலியோடு நடந்த போரில் உயிர்விட்ட பொலிவிய வீரர் எதுவார்தோ அபரோவாவின் பெயர் தாங்கிய இயற்கைக் காப்பகத்தில்தான் செந்நிற லகுனா கொலராடா இருக்கிறது. பரந்த ஏரி, ஆனால் பெரும்பகுதி முழங்கால் ஆழம்கூட இல்லை. நுண்பாசிகளால் சிவந்த அந்த நீரில் மூன்று இனப் பூநாரைகள் மேய்கின்றன. அவற்றில் ஒன்று அடியோடு அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1950களில் மீண்டும் கண்டறியப்பட்டது. காற்று பலமாக வீசும். அத்தை வண்டிக்குள் இருந்தபடியே பார்க்கட்டும், கரையை ஒட்டி நிறுத்தச் சொன்னால் போதும்.

கடைசி நாள் போல்கேஸ் வெந்நீர்க் குளத்தில் இறங்குவீர்கள். அத்தை கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். அந்த உயரத்தில் வெந்நீர் தலைசுற்ற வைக்கும். துண்டும் கம்பளிச் சட்டையும் பெட்டியில் இல்லாமல் உங்கள் கையில் இருக்கட்டும். குளத்திலிருந்து உடைமாற்றும் அறைவரை உள்ள தூரம் சிறியதுதான், ஆனால் ஈரத் தலையோடு நடப்பவருக்கு அந்தக் குளிரில் அது நீண்டது.

அன்புடன்