எழுப்ப எழுப்ப எழாத பிள்ளை: சோம்பலா, தூக்கக் கடனா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறான். காலை 7.45-க்குப் பள்ளி வேன் வந்துவிடும் என்பதால் 6.30-க்கே எழுப்பத் தொடங்குகிறேன். பத்து முறை கூப்பிட்டாலும் எழுவதில்லை. எழுந்தாலும் எரிச்சல், அழுகை. இரவு 9.30-க்குப் படுக்க வைத்தாலும் தூங்குவதற்கு 10.45 ஆகிவிடுகிறது. மாலையில் வேனிலேயே கண் அயர்ந்து, சில நாட்கள் வீட்டுக்கு வந்தும் ஆறு மணி வரை தூங்குகிறான். அவன் அப்பா வேலை முடிந்து திரும்பவே ஒன்பது மணி ஆகிறது. விடுமுறையில் காலை ஒன்பது வரை தூங்குபவன், வெளியூர் கிளம்பும் நாளில் மட்டும் ஐந்து மணிக்கே தானாக எழுந்து உட்கார்ந்திருக்கிறான். அப்படியானால் இது சோம்பேறித்தனம்தானே? எப்படித் திருத்துவது?

பதில்: இது சோம்பேறித்தனம் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் நேரங்களைக் கூட்டிப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். இரவு 10.45-க்குத் தூங்கி 6.30-க்கு எழுப்பப்படும் பிள்ளைக்குக் கிடைப்பது 7 மணி 45 நிமிடத் தூக்கம். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரம் வழக்கமாகத் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. அதில் மிகக் குறைந்த அளவான 9 மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் உங்கள் மகனுக்கு ஓர் இரவுக்கு ஒன்றேகால் மணி நேரம் குறைகிறது. பள்ளி நாட்கள் ஐந்திலும் சேர்த்தால் ஆறேகால் மணி நேரம். விடுமுறையில் யாரும் எழுப்பாதபோது 10.45 முதல் ஒன்பது வரை, அதாவது பத்து மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக, அவன் தூங்குகிறான். அதில் ஒரு பகுதி வாரத்தின் பாக்கி என்றாலும், அவன் உடம்புக்கு உண்மையில் எவ்வளவு தூக்கம் வேண்டும் என்பதை அந்த நாட்களே கிட்டத்தட்டச் சொல்லிவிடுகின்றன.

வெளியூர் செல்லும் நாளில் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவதைப் பல பெற்றோர்கள் இதே போலச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆவலும் பரபரப்பும் தூக்கக் குறைவைச் சில மணி நேரம் மறைத்து வைக்கும், இல்லாமல் ஆக்கிவிடாது. அந்த நாளில் வண்டி கிளம்பி அரை மணி நேரத்துக்குள் அவன் உங்கள் மடியில் சாய்ந்து தூங்கிவிடுகிறானா என்று அடுத்த முறை கவனியுங்கள். தூக்கம் போதாத பெரியவர்கள் சோர்ந்து கொட்டாவி விடுவார்கள். இந்த வயதுப் பிள்ளைகளோ பல நேரங்களில் அதற்கு நேர்மாறாக ஓடுவார்கள், குதிப்பார்கள், சின்ன விஷயத்துக்கும் உடைந்து அழுவார்கள். அதனால்தான் தூக்கமின்மை குறும்பாகவும் பிடிவாதமாகவும் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

அப்படியானால் 9.30-க்குப் படுக்க வைத்தும் அவன் ஏன் தூங்குவதில்லை? தூக்கம் வருவதற்கு உடம்பில் இரண்டு ஏற்பாடுகள் ஒத்துழைக்க வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வந்து தூக்கத்தின் அழுத்தத்தைக் கூட்டுகிறது. இது முதல் ஏற்பாடு. மாலையில் ஆறு மணி வரை அவன் தூங்கிவிடும் நாட்களில் அந்த அழுத்தத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. இரண்டாவது, உடம்பின் உள் கடிகாரம். இருள் சூழும்போது மெலடோனின் என்ற சுரப்பைக் கூட்டி, ‘இரவு வந்துவிட்டது’ என்று உடம்புக்குச் சொல்வது இதுதான். நாள்தோறும் 10.45-க்குத் தூங்கிப் பழகிய பிள்ளையின் கடிகாரம் அந்த நேரத்துக்கே பொருந்தியிருக்கும். இதில் பெற்றோர்களுக்கு அதிகம் தெரியாத ஒன்று உண்டு: வழக்கமான தூக்க நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உள் கடிகாரம் விழிப்பை மிக வலுவாகத் தாங்கிப் பிடிக்கிறது. ஆகவே 9.30-க்கு அவனைப் படுக்க வைக்கும்போது அன்றைய நாளின் மிகச் சுறுசுறுப்பான நேரம் ஒன்றில் படுக்க வைக்கிறீர்கள். அவன் தண்ணீர் கேட்பதும், கழிவறைக்குப் போவதும், போர்வைக்குள்ளிருந்து கேள்வி மேல் கேள்வி கேட்பதும் நடிப்பு அல்ல. அவனுக்கு உண்மையிலேயே தூக்கம் வரவில்லை. இப்படி ஒன்றேகால் மணி நேரம் விழித்தபடியே கிடந்து பழகும் பிள்ளைக்குப் படுக்கை என்பது புரள்வதற்கும் திட்டு வாங்குவதற்குமான இடமாகிவிடுகிறது.

எனவே நான் சொல்லப்போகும் முதல் படி உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அவனை இன்னும் தாமதமாகப் படுக்க வையுங்கள். இன்று முதல் விளக்கை அணைக்கும் நேரம் 10.30. அவன் எப்படியும் அதற்குச் சற்றுப் பின்னர்தான் தூங்குகிறான் என்பதால் இதனால் தூக்கம் எதுவும் குறையப்போவதில்லை. படுத்ததும் தூங்கிப்போவது என்ற பழக்கம் மட்டும் அவனுக்குத் திரும்பக் கிடைக்கும். படுத்த இருபது நிமிடத்துக்குள் தூங்குவது மூன்று நாட்கள் தொடர்ந்தால் விளக்கணைக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னே கொண்டுவந்து 10.15 ஆக்குங்கள். பிறகு மூன்று நாட்களுக்கு ஒரு முறை 10.00, 9.45, 9.30, 9.15. ஏதேனும் ஒரு கட்டத்தில் மறுபடியும் அரை மணி நேரம் புரண்டால், அங்கேயே இன்னும் இரண்டு மூன்று நாட்கள் நில்லுங்கள். ஏறக்குறைய மூன்று வாரங்களில் இந்த இடத்துக்கு வந்து சேரலாம்.

இந்த முறை பலிப்பதற்கு ஒரே ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைத் தளர்த்தினால் மற்றவையெல்லாம் வீணாகும். எழும் நேரம் மாறக் கூடாது. உள் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்வதில் காலை வெளிச்சத்துக்கே முதலிடம் என்பதால், இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் எழும் நேரம் ஒன்றாகவே இருக்க வேண்டும். விடுமுறை நாளில் அதிகபட்சம் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுங்கள். ஞாயிறு காலை ஒன்பது வரை தூங்கிய பிள்ளைக்கு அன்றிரவு தூக்கம் வரப் பதினொன்று ஆகும். திங்கட்கிழமை காலை மற்ற நாட்களைவிடக் கொடுமையாக இருப்பதற்கு இதுவே காரணம். மாலைத் தூக்கத்தை உடனே முழுவதும் நிறுத்த வேண்டாம். வேனில் கண் அயர்வதைத் தடுக்கவும் முடியாது. வீட்டுக்கு வந்த பிறகு தூங்கினால், நான்கரை மணிக்குள் இருபது நிமிடம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இரவுத் தூக்கம் நீள நீள அது தானாகவே நின்றுவிடும்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் கண்மணி பெரியது, விழிவில்லை தெளிவானது. ஆகவே அதே விளக்கிலிருந்து நம் கண்ணுக்குள் போவதைவிட அதிக வெளிச்சம் அவர்கள் கண்ணுக்குள் போகிறது. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளைத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் இருக்கச் செய்தபோது, மெலடோனின் ஏறக்குறைய 88 சதவீதம் குறைந்தது. பத்துப் பிள்ளைகளை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு அது. உங்கள் மகனின் வயதும் சற்று அதிகம். ஆனாலும் அது காட்டும் திசையில் எனக்கு ஐயமில்லை. விளக்கணைக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கூடத்தின் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, மூலையில் மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்றை மட்டும் எரியவிடுங்கள். கைப்பேசியும் தொலைக்காட்சியும் அதற்கு முன்பே முடிந்திருக்கட்டும். அவற்றின் வெளிச்சத்தைவிட, ‘இன்னும் ஒன்றே ஒன்று’ என்று பிள்ளையைப் பிடித்து வைக்கும் அவற்றின் ஈர்ப்புதான் பெரிய தொல்லை. காபி, தேநீர், கோலா பானங்கள் மாலையில் வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் உடம்பிலேயே காஃபினின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது.

இனி அவன் அப்பாவைப் பற்றி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். கணக்குப்படி பார்த்தால் அவனை 8.45-க்கே படுக்க வைத்து 9.00-க்குத் தூங்க வைக்கலாம், 6.30 வரை ஒன்பதரை மணி நேரம் கிடைக்கும். ஆனால் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்பதற்கு முன்பே தூங்கிவிடு என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்வது நடக்கிற காரியமில்லை. நடந்தாலும், வார நாட்களில் அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்க்காமலே போவார்கள். அவர்களைப் பிரிக்கும் திட்டம் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால்தான் 9.15 என்ற நேரத்தைச் சொன்னேன். அவர் வந்ததும் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் விளையாட்டு வேண்டாம். பல் துலக்கி, உடை மாற்றிப் படுக்கையில் காத்திருக்கும் மகன் அருகில் அமர்ந்து மங்கிய வெளிச்சத்தில் ஒரு கதை வாசிக்கட்டும், அன்று நடந்ததைக் கேட்கட்டும். ஓடிப் பிடிக்கும் ஆட்டத்தை விடுமுறைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம். காலையில் அவனை எழுப்பும் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டால், இருவருக்கும் இன்னொரு பத்து நிமிடம் கிடைக்கும்.

இதோடு காலையில் இன்னும் கால் மணி நேரத்தையும் மீட்டுவிட முடியும். பையை அடுக்குவது, சீருடையையும் சாக்ஸையும் எடுத்து வைப்பது, கையொப்பம் கேட்கும் குறிப்பேட்டைத் தேடுவது ஆகியவை முந்தைய மாலைக்குப் போகட்டும். குளியலையும் மாலைக்கு மாற்றலாம். அப்போது 6.45-க்கு எழுந்தாலே போதும். 9.35-க்குத் தூங்கி 6.45-க்கு எழுந்தால் 9 மணி 10 நிமிடம். இந்தப் பிள்ளைக்கு அதுவும் சற்றுக் குறைவாக இருக்கலாம் என்றாலும், இப்போது கிடைப்பதோடு ஒப்பிட்டால் தினமும் 85 நிமிடம் கூடுதல். ஒரு மாதம் கழித்தும் காலையில் தள்ளாடினால் நேரத்தை இன்னும் முன்னே நகர்த்துவது பற்றி இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

எழுந்த பிறகு நடப்பதும் முக்கியம். கட்டிலின் ஓரத்தில் ஒரு காலில் மட்டும் சாக்ஸ் மாட்டி, மற்றதைக் கையில் பிடித்தபடி, சுவரையே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். அவன் உங்களை அலட்சியம் செய்யவில்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட மூளை முழுமையாக விழிக்கப் பதினைந்து முதல் முப்பது நிமிடம் வரை ஆகும். திட்டமிடுவதற்கும் நினைவில் வைத்துச் செய்வதற்கும் உதவும் முன்மூளைப் பகுதி மற்றவற்றைவிடத் தாமதமாகவே விழிக்கிறது. அந்த நேரத்தில் ‘பல் துலக்கு, சட்டை போடு, பால் குடி, பையை எடு’ என்று சமையலறையிலிருந்து நான்கு கட்டளைகளை ஒரே மூச்சில் சொன்னால் அவன் மூளையில் ஒன்றுகூடத் தங்காது. தொலைவிலிருந்து பத்து முறை கூப்பிடுவதைவிட, அருகில் போய்த் திரையை விலக்கி வெளிச்சத்தை உள்ளே விட்டு, முதுகைத் தடவி, ஐந்து நிமிடம் கொடுத்து, பிறகு கையைப் பிடித்து எழுப்பி உட்கார வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை. அது முடிந்த பிறகு அடுத்தது. குரலை உயர்த்தாதீர்கள் என்று சொல்வது எனக்கு எளிது, வேன் சத்தம் கேட்கும்போது உங்களுக்கு எளிதல்ல என்பது தெரியும். அதனால்தான் வேலைகளை முந்தைய மாலைக்கே தள்ளச் சொல்கிறேன்.

தூக்கம் போதுமான அளவு கிடைத்தும் காலைச் சோர்வு போகாத பிள்ளைகளும் உண்டு. வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல் குறட்டை விடுவது, வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, மூச்சு நின்று திணறித் திரும்பி வருவது போன்ற சத்தம், தூக்கத்தில் மிகுந்த வியர்வை, கழுத்தைப் பின்னுக்கு வளைத்துத் தூங்குவது ஆகியவற்றில் எதையாவது கண்டால் காத்திருக்க வேண்டாம். இந்த வயதில் தொண்டைச் சதையும் மூக்கின் பின்புறத்திலுள்ள அடினாய்டு சதையும் வளர்ந்து மூச்சுப் பாதையை அடைப்பது அடிக்கடி காணப்படுவது; சிகிச்சையும் இருக்கிறது. படுத்ததும் கால் குறுகுறுக்கிறது, அமுக்கிவிடு என்று கேட்டால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில், உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நின்றிருந்த படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கியிருந்தாலும், பள்ளி நாட்களில் மட்டும் வயிற்றுவலி என்று அழுதாலும் காரணம் வேறாக இருக்கக்கூடும். இரண்டாவதற்கு, பள்ளியில் யாரைக் கண்டு பயப்படுகிறான் என்று அவனிடமும் ஆசிரியரிடமும் பொறுமையாகக் கேட்டறிய வேண்டும். மெலடோனின் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

இன்றிரவிலிருந்தே ஒரு சிறிய குறிப்பேட்டில் விளக்கணைத்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம், மாலையில் தூங்கினானா, குறட்டை இருந்ததா என்று ஐந்தை மட்டும் எழுதி வாருங்கள். முதல் வாரத்தில் காலை நேரத்தில் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்; 9.45 என்ற கட்டத்தைத் தாண்டும்போது அழுகை குறையத் தொடங்கலாம். நான்கு வாரம் ஆகியும் அப்படி நடக்கவில்லையென்றால் அந்தக் குறிப்பேட்டைக் குழந்தை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். ‘சரியாகத் தூங்குவதில்லை’ என்று வாயால் சொல்வதைவிட அந்தப் பக்கங்கள் அவருக்கு அதிகம் சொல்லும்.