அணிகளைப் பிரித்தறிவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: அணியின் பெயரைச் சரியாகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் ‘விளக்கம் போதாது’ என்கிறார்கள். வேறென்ன எழுத வேண்டும் ஐயா?

பதில்: பெயர் சொன்னால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. உவமை என்றால் பொருள், உவமை, உவம உருபு, பொதுத்தன்மை ஆகிய நான்கையும் எடுத்துக் காட்டுங்கள்.

‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை’ (குறள் 151)

பொருள், இகழ்வாரைப் பொறுத்தல். உவமை, தன்னைத் தோண்டுபவரையே தாங்கும் நிலம். உருபு, ‘போல’. பலரும் தவறவிடுவது நான்காவதான பொதுத்தன்மையை. ‘நிலம் பொறுமையானது’ என்று எழுதினால் போதாது. தீங்கு செய்பவரையே, அதுவும் தீங்கு செய்யும் அந்த நேரத்திலேயே தாங்குவதுதான் இங்கே பொது. ‘வினை பயன் மெய் உரு’ என்று தொல்காப்பியம் உவமை தோன்றும் இடங்களை நான்காக வகுக்கிறது. இது வினை உவமை. நிறமோ வடிவமோ இங்கே ஒப்பிடப்படவில்லை.

கேள்வி: ‘போல’ வந்தாலே உவமைதானே?

பதில்: இல்லை. ‘மழை வரும் போல’ என்பது ஊகம். ‘அண்ணனைப் போலத் தம்பியும் உயரம்’ என்பது வெறும் ஒப்பீடு. வெவ்வேறு இனப் பொருள்கள் இரண்டு, எதிர்பாராத ஓர் ஒற்றுமையால் இணைகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: மலர்முகம், முகமலர் இரண்டும் ஒன்றா?

பதில்: வேறு வேறு. நடுவில் ‘போன்ற’ சேர்த்துப் பாருங்கள். ‘மலர் போன்ற முகம்’ பொருந்துகிறது, எனவே மலர்முகம் உவமைத்தொகை. ‘ஆகிய’ சேர்த்தால் ‘முகமாகிய மலர்’ பொருந்துகிறது, எனவே முகமலர் உருவகம்.

கேள்வி: எடுத்துக்காட்டு உவமை, பிறிது மொழிதல் இரண்டிலும் ‘போல’ இல்லை. எனக்கு எப்போதும் குழப்பம்.

பதில்: எது மறைந்திருக்கிறது என்று கேளுங்கள், குழப்பம் தீரும். உவமையணியில் உவமை, பொருள், உருபு மூன்றும் வெளிப்படையாக நிற்கும். எடுத்துக்காட்டு உவமையில் உருபு மட்டும் மறையும். முதல் குறளில் எழுத்துகளுக்கு அகரம் முதல் என்பது ஒரு தொடர், உலகுக்கு ஆதிபகவன் முதல் என்பது இன்னொரு தொடர். ‘அதுபோல’ என்பதை நாம்தான் சேர்த்துக்கொள்கிறோம்.

பிறிது மொழிதலில் பொருளே மறைந்துவிடும்.

‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்’ (குறள் 475)

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். அவ்வளவுதான் சொல்லப்பட்டிருக்கிறது. சொல்லாத பொருளை அறிய அதிகாரத் தலைப்பைப் பாருங்கள்: வலியறிதல். ஆக, எளியவர் பலர் திரண்டால் வலியவனும் வீழ்வான். இந்தக் குறளைத் தலைப்பிலிருந்து பிரித்துப் படிப்பவர் வண்டிப் பாரத்தோடு நின்றுவிடுவார். கதை, கட்டுரைகளிலும் இப்படித்தான். முன்பின் பத்திகளைப் படிக்காமல் குறிப்புப் பொருள் சொல்லத் துணியாதீர்கள்.

கேள்வி: ‘ஊர் சிரித்தது’ உருவகமா?

பதில்: ஆகுபெயர், அதாவது ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவது. அதிலும் இது இடவாகுபெயர். ஊருக்கும் அங்கு வாழ்வோருக்கும் இருப்பது தொடர்பு. ஒப்புமை இருந்தால்தான் உருவகம்.

கேள்வி: தற்குறிப்பேற்ற அணிக்கு ஏதாவது அடையாளம் உண்டா?

பதில்: இயல்பாக நடக்கும் ஒன்று இருக்க வேண்டும். அதன் மேல் கவிஞர் தம் கருத்தைக் காரணமாக ஏற்ற வேண்டும். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில் கொடிகள் ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ அசைகின்றன. காற்றில் கொடி அசைவது இயல்பு, ‘வராதீர்கள்’ என்பது கவிஞர் ஏற்றிய குறிப்பு. அடியில் ‘போல்’ இருப்பதால் உவமை என்று எழுதிவிடுகிறார்கள். கொடிக்கு ஒரு நோக்கம் கற்பிக்கப்படுவதைக் கவனியுங்கள். வரப்போகும் துயரத்தை முன்கூட்டி உணர்த்தும் வேலையையும் அந்த அடி செய்கிறது. அதையும் எழுதினால்தான் விளக்கம் நிறைவாகும்.

கேள்வி: பாடம், படம் எதுகையாகுமா?

பதில்: ஆகாது. இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். ‘பா’ நெடில், ‘ப’ குறில். பாடம், மாடம் எதுகை. மேலே பார்த்த ‘அகழ்வார்’, ‘இகழ்வார்’ இரண்டும் எதுகைதான். முதலெழுத்தைத் தவிர மற்றவை அப்படியே ஒத்திருப்பதால், தோண்டுபவரும் இகழ்பவரும் ஓசையிலும் இணையாகிவிடுகிறார்கள்.