பின் சீட்டில் இருந்த டெலிவரி பை

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் முதுகலை படிக்கிறேன், மாணவர் விசா. போன செப்டம்பரில் கார் இன்சூரன்ஸ் எடுத்தேன். கூடத் தங்கியிருக்கும் அண்ணன்தான் ஆன்லைனில் படிவத்தை நிரப்பினார். தொழில்: முழுநேர மாணவர். வேறு வேலை: இல்லை. உபயோகம்: சொந்தத் தேவை மட்டும். அப்புறம் கைச்செலவுக்காக வாரத்தில் சில இரவுகள் உணவு டெலிவரி செய்தேன். ஜனவரியில் வீடு மாறியபோது கம்பெனிக்கு போன் செய்து முகவரியை மாற்றினேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகும் வழியில், ரவுண்டபௌட்டில் சட்டென்று நின்ற காரை இடித்துவிட்டேன். அவர் கழுத்து வலி என்று கிளெய்ம் போட்டிருக்கிறார். என் காரைப் பார்வையிட வந்தவர் எடுத்த போட்டோவில் பின் சீட்டில் இருந்த டெலிவரி பை விழுந்திருக்கிறது. 'டெலிவரி வேலை செய்கிறீர்களா' என்று கம்பெனி எழுதிக் கேட்கிறது. அன்று நான் டெலிவரியே செய்யவில்லை. ஒரு மாதம்கூடத் தவறாமல் பிரீமியம் கட்டியவனைத் திருடனைப் போல நடத்துகிறார்கள். பை நண்பனுடையது என்று சொல்லிவிடலாமா? படிவத்தை நிரப்பியவர் பொறுப்பாக மாட்டாரா?

பதில்: தம்பி, முன்னால் போனவர் சட்டென்று நிறுத்தியது, நீங்கள் ஒழுங்காகப் பிரீமியம் கட்டியது, கம்பெனிக்காரர்கள் நடத்தும் விதம், இந்த மூன்றையும் ஓரமாக வையுங்கள். பின்னாலிருந்து இடித்தது நீங்கள். கழுத்து வலியைப் பற்றியும் ரொம்பக் கவலை வேண்டாம். 2021 மே 31 முதல் நடந்த விபத்துகளில் அந்த வகைச் சிறு காயங்களுக்கு அரசு அட்டவணைப்படிதான் தொகை. பழைய காலத்துத் தொகைகள் இப்போது வராது.

உங்கள் கேஸில் பார்க்க வேண்டியது இரண்டு தேதிகள். பாலிசி எடுத்தது என்றைக்கு? முதல் டெலிவரி என்றைக்கு? 'அப்புறம்' என்று எழுதியிருக்கிறீர்கள், எத்தனை நாள் கழித்து என்று எழுதவில்லை. 2012-ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம், பாலிசி எடுக்கும்போதும் அதில் மாற்றம் செய்யும்போதும் நீங்கள் சொன்ன பதிலைத்தான் பார்க்கிறது. செப்டம்பரில் 'வேறு வேலை இல்லை' என்று சொன்னபோது உண்மையிலேயே வேலை இல்லை, அப்படி எண்ணமும் இல்லை என்றால் அது பொய்யான தகவல் ஆகாது. 'மாற்றம் இருந்தால் தெரிவிக்க வேண்டும்' என்ற பாலிசி நிபந்தனையை மட்டும்தான் கம்பெனி பிடிக்க முடியும். அது உங்களுக்குக் கொஞ்சம் சாதகமான சண்டை. டெலிவரிக்காகவே கார் வாங்கியிருந்தால் இந்த வழி அடைபடும்.

ஜனவரி போன்தான் எனக்கு இடிக்கிறது. முகவரி மாற்றும்போது மற்ற விவரங்களை வரிசையாகப் படித்துக்காட்டி, 'எல்லாம் அப்படியேதானே?' என்று கேட்பார்கள். நாமும் யோசிக்காமல் 'ஆமாம்' என்போம். முன்பு கொடுத்த விவரத்தை உறுதி செய்யச் சொல்லும்போது சரியாகச் சொல்லாததும் தவறான தகவலாகலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்த அழைப்பின் பதிவைக் கேட்டு வாங்குங்கள். அப்படியொரு கேள்வி கேட்கப்படவே இல்லை என்றால் நல்லது.

கோயிலுக்குப் போனது உங்களுக்கு ஒரு இடத்தில் மட்டும் உதவும். அன்று நடந்தது பாலிசி அனுமதித்த பயணம், அதனால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம் அந்த விபத்தில் வராது. பீட்சாவோடு போகும்போது இடித்திருந்தால் கதை வேறு. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கான ஐஎன்10 என்ற குற்றக் குறியீடு லைசென்ஸில் ஏறும், கூடவே 6 முதல் 8 தண்டனைப் பாயின்ட். முதல் டெஸ்ட் பாஸாகி 2 வருடம் ஆகாதவருக்கு 6 பாயின்ட் வந்தாலே லைசென்ஸ் ரத்து. இதுவரை டெலிவரி எடுத்த ஒவ்வொரு இரவும் நீங்கள் அந்த விளிம்பில்தான் ஓட்டியிருக்கிறீர்கள். இன்றோடு நிறுத்துங்கள். ஆனால் படிவத்தில் தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால், அன்று எங்கே போனீர்கள் என்பதை யாரும் பார்க்கமாட்டார்கள். அது பாலிசி முழுவதையும் பாதிக்கும்.

எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பது உங்கள் தவறு கவனக்குறைவா, வேண்டுமென்றே செய்ததா என்பதைப் பொறுத்தது. கவனக்குறைவு என்றால், உண்மை தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்பதைக் கம்பெனி காட்ட வேண்டும். 1,400 பவுண்டு வாங்கியவர்கள் 2,100 வாங்கியிருப்பார்கள் என்றால் கிளெய்மில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். பாலிசியே கொடுத்திருக்கமாட்டோம் என்றால் ரத்து செய்து பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும். வேண்டுமென்றே என்றால் கிளெய்ம் கிடையாது, பிரீமியமும் பெரும்பாலும் போனதுதான். வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. பல கேஸ்களில் அவர்களால் அது முடிவதில்லை.

அந்த நிரூபணத்தை அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது யார் என்றால், நம் ஆட்கள்தான். 'பை நண்பனுடையது' என்ற பதிலை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்த கடிதத்தில் கம்பெனி மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கும். வாராவாரம் ஒரே இடத்திலிருந்து வரும் பணம் அதில் வரிசையாக நிற்கும். காரில் பிளாக் பாக்ஸ் (பயணங்களைப் பதிவு செய்யும் கருவி) இருந்தால் இரவு எட்டு மணிக்கு ஒரே உணவகத்துக்கு எத்தனை முறை போனீர்கள் என்பதும் தெரியும். பிறகு அந்த நண்பரிடமே பேச வேண்டும் என்பார்கள். படிவத்தில் நடந்தது அண்ணனின் கவனக்குறைவு என்று வாதாடலாம். பிப்ரவரிக்குப் பிறகு நீங்களே எழுதி அனுப்பும் பொய்யை அப்படி வாதாட முடியாது. அதை வைத்தே செப்டம்பர் பதிலும் வேண்டுமென்றே சொன்னது என்பார்கள், நம்பவும் வைப்பார்கள். 2006-ஆம் ஆண்டின் மோசடிச் சட்டத்தில் அது தனிக் குற்றமும்கூட. கிளெய்முக்குச் சம்பந்தமில்லாத பொய்யால் கிளெய்ம் கெடாது என்று 2016-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னதை யாராவது உங்களுக்கு அனுப்பிவைப்பார்கள். நீங்கள் சொல்ல நினைக்கும் பொய் கிளெய்முக்குச் சம்பந்தமான பொய், அந்தத் தீர்ப்பு உங்களைக் காப்பாற்றாது.

நீங்கள் கடிதத்தில் தொடாமல் விட்ட விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. மாணவர் விசாவில் சுயதொழிலுக்கே அனுமதி இல்லை. வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற கணக்கு சம்பள வேலைக்குத்தான். உணவு டெலிவரி ஆப்கள் ஓட்டுபவரைப் பொதுவாகச் சுயதொழில் செய்பவராகத்தான் வைத்திருக்கின்றன. ஆப்பில் யாருடைய ஐடியில் ஓட்டினீர்கள் என்றும் நான் கேட்கவில்லை, எனக்கு எழுதவும் வேண்டாம். கம்பெனிக்கு நீங்கள் எழுதும் பதில் ஒரு கோப்பில் நிரந்தரமாக இருக்கும். 2,000 பவுண்டு காருக்காகச் சண்டை போட்டு, விசா நிபந்தனையை மீறினேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பதில் அனுப்பும் முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். கடிதத்தில் கெடு குறைவாக இருந்தால் அவகாசம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

என்னைக் கேட்டால் சமரசம்தான். உங்கள் காருக்கான கிளெய்மை விட்டுவிடுங்கள். அதனால் விசாரணை நின்றுவிடும் என்ற உத்தரவாதம் கிடையாது, ஆனால் தோண்டிப் பார்க்கும் ஆர்வம் குறையும். கேட்ட கேள்விக்குச் சுருக்கமாக, உண்மையாக, தேதிகளோடு பதில் கொடுங்கள். பாலிசியை அவர்கள் ரத்து செய்வதற்குள் நீங்களே முடித்துக்கொள்ளச் சம்மதிப்பார்களா என்று கேளுங்கள். 'உங்கள் பாலிசியை எந்தக் கம்பெனியாவது ரத்து செய்திருக்கிறதா' என்ற கேள்வி இனி எல்லாப் படிவத்திலும் வரும். அதற்கு 'ஆம்' என்று எழுதுபவர் கட்டும் பிரீமியத்தைப் பார்த்தால் கார் வேண்டாம் என்று தோன்றும். இடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்தே தீர வேண்டும். 2019 நவம்பர் முதல், விபத்துக்குப் பிறகு பாலிசியைச் செல்லாது என்று அறிவித்து அந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. கொடுத்ததை உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் தவணை பேசுங்கள், கோர்ட்டுக்குப் போக விடாதீர்கள். வேண்டுமென்றே செய்தது என்று முத்திரை குத்தினால் மட்டும், இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம்.

அண்ணன் பொறுப்பாக மாட்டார். படிவம் உங்கள் பெயரில் இருக்கிறது, பணம் உங்கள் கார்டிலிருந்து போயிருக்கிறது, உறுதிமொழியும் உங்களுடையது. அவர் இதற்குக் கமிஷன் வாங்கியிருந்தால் அது வேறு கேஸ். அந்த ரசீதையோ வாட்ஸாப் செய்தியையோ அழித்துவிடாதீர்கள்.