அசாதோவும் ஒரு பொய்க் காய்ச்சலும்

கேள்வி: கணவரின் வேலைக்காக ஈரோட்டிலிருந்து அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் வந்து நாலு மாதம் ஆகிறது. நாங்கள் சைவம், முட்டை மட்டும் உண்டு. இங்கே திரும்பிய பக்கமெல்லாம் மாட்டிறைச்சி. ஹோட்டல்களில் ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் சாப்பாடே கிடைப்பதில்லை. மாடி வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை அசாதோவுக்கு, அதாவது தணலில் கறி சுடுகிற விருந்துக்கு, மூன்று முறை கூப்பிட்டார்கள், பையனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தோம். ஏழு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இங்கே எதைச் சாப்பிடுவது?

பதில்: சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிறேன். பையனுக்குக் காய்ச்சல் என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள், என்னால் போக முடியவில்லை.

ஓடி விளையாடுகிற பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்ல எப்படியம்மா வாய் வந்தது? அதுவும் மூன்று முறை! வீட்டில் ஒரு பாட்டி இருந்திருந்தால் முதல் தடவையே வாயிலேயே போட்டிருப்பார். சரி, அதை மூடநம்பிக்கை என்றே வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை லிஃப்டில் அந்த மாடி வீட்டம்மா பிள்ளையின் நெற்றியில் கை வைத்து 'இப்போ தேவலையா' என்று கேட்டால் அவன் என்ன சொல்வான், உங்களைக் காட்டிக்கொடுப்பானா அல்லது உங்களுக்காக அவனும் ஒரு பொய் சொல்வானா? அவனுக்கு என்ன ஊட்டுவது என்று என்னைக் கேட்கிறீர்கள், ஆனால் இதை ஏற்கெனவே ஊட்டிவிட்டீர்கள்.

அசாதோ என்பது வெறும் கறிச்சோறு இல்லை. ஒருவர் தணலைக் கிளறி, மணிக்கணக்காக நெருப்பருகே நின்று, அவசரமே இல்லாமல் சுட்டு எடுப்பார், கடைசியில் அவருக்கு எல்லோருமாகக் கைதட்டுவார்கள், சாப்பிட்டு முடித்தும் யாரும் எழ மாட்டார்கள், பேச்சு சாயங்காலம் வரை போகும். அந்த மேஜைக்குத்தான் உங்களைக் கூப்பிட்டார்கள். உங்கள் ஈரோட்டுப் பக்கம் கிடா விருந்து வைத்தால் சைவக்கார வீட்டைக் கூப்பிடாமலா விடுகிறார்கள்? தனிப்பந்தி போட்டு உட்கார வைப்பதில்லையா?

அதனால் நீங்களும் கணவருமாக மாடியேறிப் போய், பிள்ளை முன்னாலேயே, காய்ச்சல் இல்லை, சாப்பாட்டை நினைத்துத்தான் தயங்கினோம் என்று சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். கறி சாப்பிட மாட்டோம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், கோழி, மீன், ஹாம் என்கிற பன்றித்தொடை இறைச்சி எல்லாவற்றையும் பெயர் சொல்லியே மறுக்க வேண்டும், அங்கே ஹாமைக் கறிக்கணக்கில் சேர்க்காதவர்கள் நிறைய. ப்ரோவோலேத்தா என்று ஒரேகானோ தூவிச் சுடுகிற கெட்டிச் சீஸ் உண்டு, அதைத் தனிச் சின்ன இரும்புத் தட்டில் வைத்துத் தரச் சொல்லுங்கள். குடைமிளகாய், உருளைக்கிழங்கு சுடுவதும் பெரிய விஷயமில்லை. வெறுங்கையோடு போகாமல் எலுமிச்சைச் சாதம் கொண்டு போங்கள், மிளகாயை மட்டும் பாதியாக்கி.

மாதே என்கிற இலைத் தேநீர் வந்தால் உங்களுக்குத் திக்கென்று இருக்கும். ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், எல்லோர் வாயிலும் போய் வரும். எச்சில் பார்ப்பவராக இருந்தால் முதலிலேயே சிரித்தபடி வேண்டாம் என்றுவிடுங்கள். வாங்கினால் குழலைக் கிளறாமல் கடைசிச் சொட்டு வரை குடித்துக் குடுவையைத் திருப்பிக் கொடுங்கள், போதும் என்கிறபோது மட்டும் 'கிராசியாஸ்', அதாவது நன்றி, சொல்லுங்கள். முன்னாலேயே சொன்னால் அடுத்த சுற்றில் உங்களுக்கு வராது.

இப்போது சாப்பாடு. பீட்சாக் கடைகளில் ஃபைனா கேளுங்கள், கொண்டைக்கடலை மாவு அடை, பிள்ளைக்குப் பிடிக்கும். சோளம் வைத்த ஊமித்தா எம்பனாடா, நம்ம சோமாசி மாதிரி, நல்லதுதான், ஆனால் மாவில் மாட்டுக்கொழுப்பு சேர்ந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். காலையில் சாப்பிடுகிற பிறை வடிவ ரொட்டியான மெதியாலூனாவிலும் வெண்ணெய் போட்டது வேறு, கொழுப்பு போட்டது வேறு. பருப்பு, மசாலா எல்லாம் தியெத்தேத்திகா என்கிற இயற்கை உணவுக் கடைகளில் சில்லறையாகவே கிடைக்கும், இஞ்சி கொத்தமல்லிக்கு பெல்கிரானோவின் சீனத் தெரு. ராத்திரிச் சாப்பாடு தாமதம் என்றால் அந்த ஊர்ப் பிள்ளைகளைப் போல ஐந்தரை மணிக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள், கொஞ்சம் தாங்குவான்.

அவர்கள் வீட்டு அசாதோ முடிந்த கையோடு நீங்களும் ஒரு ராத்திரி அவர்களைக் கூப்பிடுங்கள். ஒன்பது மணிக்கு என்று சொன்னால் ஒன்பதரைக்கு வந்து சேர்வார்கள், தோசைக்கல்லை அதற்கப்புறம் அடுப்பில் ஏற்றினால் போதும்.