ட்ராட்னிங்ஹோம் அரசவை நாடக அரங்கம்: வாசகர் கேள்விகள்

கே: ஜூலையில் குடும்பத்துடன் ஸ்டாக்ஹோம் போகிறோம். ட்ராட்னிங்ஹோம் அரண்மனையில் உள்ள பழைய நாடக அரங்கத்தை வழிகாட்டியுடன் சுற்றிப் பார்த்தால் போதுமா? நிகழ்ச்சியும் பார்க்க வேண்டுமா?

ப: நிகழ்ச்சி பாருங்கள். அது கிடைக்கும் தேதியை முதலில் பிடித்துவிட்டு, மற்ற ஊர்களுக்கான பயணத்தை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், அவர்கள் இருக்கும் மூன்று நாளில் ஓபரா என்ற இசை நாடகம் எதுவும் இருக்காது.

நிகழ்ச்சி பாருங்கள் என்பதற்குக் காரணம் மேடைக்குள் இருக்கிறது. 1762-ல் இங்கிருந்த அரங்கம் எரிந்துபோக, அரசி லூவிசா உல்ரிகாவுக்காக கார்ல் ஃப்ரெட்ரிக் அடெல்கிரான்ட்ஸ் 1766-ல் இதைக் கட்டி முடித்தார். பணத் தட்டுப்பாடு. பளிங்கு மாதிரி தெரிவதெல்லாம் வர்ணம் தீட்டிய மரமும் சுண்ணச் சாந்தும்தான். அலங்கார வேலைகளில் காகிதக்கூழும் உண்டு. ஆனால் இத்தாலியரான டொனாட்டோ ஸ்டோப்பானி அமைத்த மேடைப் பொறிகளில் குறை வைக்கவில்லை. இன்றைக்கும் அவற்றை ஆட்கள் கையால்தான் இயக்குகிறார்கள்.

மேடைக்கு அடியில் பெரிய மரச் சுழல் ஒன்று இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும் படுதாச் சட்டங்கள் ஒவ்வொன்றும் கீழ்த்தளத்தில் சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றப்பட்டு, மேடைப் பலகையில் உள்ள நீளமான பிளவு வழியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். வண்டிகள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்தவை. சுழலை ஆட்கள் சுற்றினால் கயிறுகள் இழுபட்டு, ஜோடியில் ஒன்று உள்ளே போகும், மற்றொன்று வெளியே வரும். எல்லா ஜோடிகளும் ஒரே சுழலில் கட்டப்பட்டிருப்பதால் அரண்மனைக் கூடம் சில நொடிகளில் காடாகிவிடும். திரையை இறக்கி மறைக்க மாட்டார்கள், கண்ணெதிரே நடக்கும். இடி முழக்கத்துக்குக் கற்கள் நிரப்பிய மரப்பெட்டியை உருட்டுவார்கள். காற்றுக்கு, சட்டங்கள் பதித்த உருளையைக் கான்வாஸ் துணியில் உரசும்படி சுற்றுவார்கள். கடல் என்பது படுக்கவைத்த திருகு வடிவ உருளைகள், ஒன்றன் பின் ஒன்றாக மெதுவாகச் சுழலும். வழிகாட்டியுடன் போனால் அரங்கத்தின் அமைப்பும் வரலாறும் தெளிவாகப் புரியும். இந்தக் காட்சி மாற்றத்தை மட்டும் அதில் எதிர்பார்க்காதீர்கள்.

கே: எந்த இருக்கை நல்லது?

ப: நடு அச்சில் உள்ளவை. கொஞ்சம் பின்னால் போனாலும் பரவாயில்லை, ஓரத்துக்குப் போகாதீர்கள். மேடைப் படுதாக்கள் அரசர், அரசி நாற்காலிகள் இருக்கும் முன்பக்க நடுவிடத்தைக் கணக்கில் வைத்துத் தீட்டப்பட்டவை. உள்ளே போகப் போகச் சட்டங்களின் உயரம் குறைந்து, இடைவெளியும் நெருங்கும். நடுவிலிருந்து பார்த்தால் நீண்ட தெருவோ தோட்டமோ தெரியும். ஓரத்திலிருந்து பார்த்தால் கோடுகள் ஒட்டாமல், சட்டங்களுக்கு இடையே உள்ள சந்துதான் கண்ணில் படும். பாடகர்கள் பெரும்பாலும் மேடையின் முன்பகுதியிலேயே நிற்பதும் இதனால்தான். பின்னால் போய் நின்றால் ஓர் ஆள் அரண்மனைக் கூரையைத் தொடும் ராட்சதனாகத் தெரிவார்.

மொத்தம் சுமார் 400 பேருக்குத்தான் இடம். விற்பனை தொடங்கியதுமே அரங்கத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் வாங்கிவிடுங்கள். பெஞ்சுகள் குறுகலானவை, கெட்டியானவை. எந்தப் பதவிக்காரருக்கு எந்த வரிசை என்று அந்தக் காலத்தில் எழுதி வைத்த குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அவற்றைப் படித்துப் பார்க்கவே கொஞ்சம் முன்னதாக உள்ளே போகலாம்.

கே: 250 வருஷத்துக்கு முந்தைய பொறி எப்படி அப்படியே தப்பியது?

ப: யாரும் தொடாததால். கலைப் பித்தரான ஸ்வீடன் அரசர் மூன்றாம் குஸ்தாவ் காலத்தில் இந்த அரங்கம் உச்சத்தில் இருந்தது. 1792 மார்ச்சில் ஸ்டாக்ஹோம் ஓபரா மாளிகையில் முகமூடி நடனத்தின்போது அவர் சுடப்பட்டு, அதே மாதம் இறந்தார். அதன் பிறகு கட்டடம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. மற்ற அரங்கங்களில் புது விளக்கு, புது இயந்திரம் என்று மாற்றியபோது இங்கே செலவு செய்ய எவரும் இல்லை. 1921-ல் ஓர் ஓவியத்தைத் தேடி உள்ளே போன அக்னே பேயர் என்ற ஆய்வாளர், பழைய படுதாக்களோடு அரங்கத்தைக் கண்டார். அடுத்த ஆண்டே மீண்டும் திறந்தார்கள். மெழுகுவர்த்திகளுக்குப் பதில் அவற்றைப் போலவே மினுங்கும் மின்விளக்குகள் வந்தன. பழைய படுதாக்களைப் பாதுகாப்பாக வைத்துவிட்டு, அவற்றின் நகல்களைத்தான் இப்போது நிகழ்ச்சிகளில் பயன்படுத்துகிறார்கள்.

கே: எப்படிப் போவது? என்ன உடுத்துவது?

ப: மெட்ரோவில் பச்சைத் தடத்தில் புரோம்மாபிளான் நிலையம். அங்கிருந்து 176 அல்லது 177 பஸ். ட்ராட்னிங்ஹோம் நிறுத்தம் சில நிமிடம்தான். ஒரே டிக்கெட் 75 நிமிடம் செல்லும், இரண்டுக்கும் சேர்த்துப் போதும். வங்கி அட்டையைத் தட்டியும் ஏறலாம். கோடையில் நகர மன்றக் கட்டடத்துக்கு அருகிலிருந்து சுற்றுலாப் படகும் உண்டு. மேலரன் ஏரி வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரம். அழகான பயணம்தான், ஆனால் மெட்ரோ டிக்கெட் அதற்குச் செல்லாது. மாலை நிகழ்ச்சி முடிந்த பிறகு படகு இருக்கும் என்று நம்பியும் போகாதீர்கள். திரும்ப பஸ்தான். எல்லோரும் ஒரே நிறுத்தத்துக்கு வருவதால் முதல் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் போகலாம்.

அரங்கத்தில் ஹீட்டரும் கிடையாது, ஏசியும் கிடையாது. வெயில் நாளில் மர அறை புழுங்கும். வெளியே வந்தால் ஏரிக்காற்று சில்லென்று அடிக்கும். மெல்லிய பருத்தி உடையும் ஒரு சால்வையும் சரியாக இருக்கும். சால்வையை மடித்துப் பெஞ்சில் போட்டும் உட்காரலாம்.

அரண்மனை டிக்கெட்டில் அரங்கம் சேராது, தனியாக வாங்க வேண்டும். தோட்டத்துக்குக் கட்டணமில்லை. நிகழ்ச்சி நாளில் மதியமே போய்விட்டால் அரண்மனை, தோட்டம், அதன் கோடியில் இருக்கும் சீன மாளிகை மூன்றையும் பார்த்துவிடலாம்.

கே: செக் நாட்டின் செஸ்கி க்ரும்லோவிலும் இதே போன்ற அரங்கம் உண்டாமே?

ப: உண்டு. ஷ்வார்ட்சன்பெர்க் பிரபுக் குடும்பத்தின் கோட்டைக்குள், இதே 1760-களில் இன்றைய வடிவம் பெற்றது. படுதா, பொறி, உடைகள்கூட மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அங்கே நிகழ்ச்சிகள் மிக அபூர்வம். கோடை மாதங்களில் சிறு குழுக்களாக வழிகாட்டியுடன்தான் உள்ளே விடுகிறார்கள். பிராகிலிருந்து பஸ்ஸில் சுமார் 3 மணி நேரம் ஆகும் என்பதால், சுற்றுக்கான நேரத்தை முன்பதிவு செய்த பிறகே பஸ் டிக்கெட் எடுங்கள்.