டேம் பார்க்குக்கு மார்க் போடறது எப்படி?

அண்ணா, வணக்கம்.

ஓணம் லீவுல எங்க பக்கத்து டேம் பார்க்குல கூட்டம் அலைமோதுச்சு. டிக்கெட் கலெக்ஷன் அள்ளிருச்சு, அதனால பார்க்கை சூப்பரா நடத்தறாங்கன்னு எங்க வாட்ஸாப் குரூப்ல ஒரு கோஷ்டி சொல்லுது. எனக்கு ஒத்துக்க முடியல, ஆனா எதை வெச்சு மறுக்கறதுன்னும் தெரியல. ஒரு பார்க் நல்லா நடக்குதான்னு எப்படிண்ணா அளக்கறது?

ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

தம்பி,

கலெக்ஷனைப் பாத்து மார்க் போடறதா இருந்தா அது மழைக்குத்தான் போகணும். மலம்புழாவையே எடுத்துக்குங்க, 1955ல காமராஜர் திறந்து வெச்ச டேம், ஷட்டர் தூக்கிட்டாங்கன்னு நியூஸ் வந்தா போதும், கோயம்புத்தூர்ல இருந்து வாளையார் வழியா வண்டி வண்டியா வந்து எறங்கிருவாங்க, டாய்லெட்ல தண்ணி வருதான்னு கேட்டுட்டா கெளம்பறாங்க? தண்ணி அடியில கெடக்கற ஏப்ரல்ல அந்தக் கூட்டம் இருக்காது. நிர்வாகம் என்னவோ ரெண்டு சமயத்துலயும் ஒண்ணுதான்.

நடத்தறவங்க கையில என்ன இருக்கோ அதைத்தான் அளக்கணும். என்னைக் கேட்டா, உடைஞ்சது எத்தனை நாள் உடைஞ்சபடியே கெடக்குதுங்கறதுதான் முதல் கணக்கு. இங்க ஒரு தண்ணிக்கரைப் பார்க்குல கைப்பிடிக் கம்பி துருப்பிடிச்சு வெல்டிங் விட்டுப்போச்சு, நைலான் கயித்தைக் கட்டிட்டுப் போயிட்டாங்க. அது வெயில்ல வெளுத்து நார் நாராப் பிரிஞ்சதும் அதுக்கு மேலயே இன்னொரு புதுக் கயிறு. பழசை அவுக்கக்கூட இல்ல! கேட்டா கரை இரிகேஷனோடது, டிக்கெட் டூரிசத்தோடது, குப்பை பஞ்சாயத்தோடது, கம்பி யாரோடதுன்னு ஒருத்தருக்கும் தெரியல.

சான் பிரான்சிஸ்கோல 2003ல ஜனங்க ஓட்டே போட்டு, பார்க் எப்படி இருக்கணும்னு ஒரு தரம் வெச்சே ஆகணும்னு சட்டமாக்கிட்டாங்க. புல்தரை, டாய்லெட், குழந்தைங்க விளையாடற எடம்னு ஒவ்வொண்ணாப் பாத்து மார்க் போட்டு எல்லாரும் பாக்கற மாதிரி வெளியிடறாங்க. இதுல எனக்குப் புடிச்சது என்னன்னா பார்க்கை நடத்தறவங்க மட்டும் மார்க் போடறதில்ல, ஊரோட கணக்கைப் பாக்கற கன்ட்ரோலர் ஆபீஸ் ஆளுங்களும் போய்ப் பாக்கறாங்க. தன் பேப்பரைத் தானே திருத்தினா யாரு ஃபெயிலாவா?

நம்ம பக்கம் புளூ ஃபிளாக் இருக்கு, சுத்தமும் பாதுகாப்பும் சரியா இருக்கற பீச்சுக்குக் குடுக்கற சர்வதேசக் கொடி. 2020ல கோழிக்கோடு காப்பாடு பீச்சுக்கும் விசாகப்பட்டினம் ருஷிகொண்டாவுக்கும் கெடைச்சுது. பராமரிப்பு சரியில்லன்னு 2025ல ருஷிகொண்டால கொடியை எறக்கி, அப்புறம் திருப்பிக் குடுத்தாங்க. ஒருதரம் குடுத்ததைப் புடுங்கவும் முடியுதுல்ல, அந்தப் பயம்தான் வேலை வாங்குது, நம்மூர் ஷீல்டு மாதிரி ஷோகேஸ்ல வெச்சு மறந்துர முடியாது.

ஆனா ரிப்பேர் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. உடைஞ்ச பெஞ்சைத் தூக்கிட்டுப் போயிட்டா அப்புறம் உடைஞ்ச பெஞ்சே இல்லையே! அதனால மொதல்ல பெஞ்ச் எத்தனை, லைட் எத்தனை, குழாய் எத்தனைன்னு லிஸ்ட் எடுத்து வெச்சுக்கிட்டு அதை வெச்சுப் பாருங்க. ஞாயித்துக்கெழமை போகாதீங்க, அன்னிக்கு எல்லாரும் கூட்டிப் பெருக்கி வெச்சிருப்பாங்க. லீவு முடிஞ்ச செவ்வாக்கெழமை போங்க, சாயங்காலம் ஆறரை மணிக்கு எத்தனை பொம்பளைங்க உக்காந்திருக்காங்கன்னும் எண்ணுங்க. நியூயார்க்ல சதுக்கம் சதுக்கமா உக்காந்து ஆளை எண்ணின வில்லியம் வைட், நல்லாப் புழங்கற எடத்துல பொம்பளைங்க பங்கு மத்த எடத்தை விட அதிகம்னு பாத்துச் சொன்னார். லைட் எரியலைன்னா மொதல்ல காணாமப் போறது அவங்கதான், ஒரு புகாரும் குடுக்காம.

அப்புறம் புகார் ரெஜிஸ்டர் காப்பி வேணும்னு தகவல் உரிமைச் சட்டத்துல (ஆர்டிஐ) மனு போடுங்க. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினாப் போதும், 30 நாள்ல பதில் குடுக்கணும். எந்த டிபார்ட்மென்ட்டுக்குப் போடறதுன்னு கொழம்பாதீங்க, தப்பான ஆபீஸுக்குப் போனாலும் அவங்களே 5 நாளுக்குள்ள சரியான எடத்துக்கு மாத்தி அனுப்பணும்னு சட்டத்துலயே இருக்கு.