தோமா காத்திருந்த எட்டு நாள்: சந்தேகம், சபை, சில கேள்விகள்

சபையில் ஒரு வேதபாடக் குழுவை இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நான் போதகர் அல்ல, இறையியல் பட்டமும் இல்லை. சந்தேகத்தோடு வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்ட பழக்கம் உண்டு. வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, ஞாயிறு பள்ளியிலிருந்தே சபையில் வளர்ந்தவன் நான். இப்போது கல்லூரியில் படிக்கிறேன். உயிர்த்தெழுதல் உண்மையில் நடந்ததா என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இது பாவமா? தெளிவு வரும்வரை சபைக்குப் போகாமல் இருப்பதுதானே நேர்மை?

பதில்: தம்பி, யோவான் 20-ஐ மெதுவாக வாசியுங்கள். உயிர்த்த நாள் மாலையில் இயேசு சீஷர்களிடம் வந்தபோது, அவர்களில் ஒருவனான தோமா அங்கே இல்லை. கர்த்தரைக் கண்டோம் என்கிறார்கள் மற்றவர்கள். ஆணிக் காயத்தில் விரலை இட்டாலொழிய நம்பமாட்டேன் என்கிறான் இவன். அடுத்த வசனம்: ‘மறுபடியும் எட்டுநாளைக்குப்பின்பு அவருடைய சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்.’

அந்த எட்டு நாள் எப்படிப் போயிற்று என்று சுவிசேஷத்தில் ஒரு வரிகூட இல்லை. எனக்கோ அதுதான் திரும்பத் திரும்ப மனதில் ஓடும். பூட்டிய கதவு, வெளியே பயம், உள்ளே ‘கண்டோம், கண்டோம்’ என்கிற முகங்கள். அவற்றின் நடுவே ஒருவன் மட்டும் ‘நான் காணவில்லையே’ என்று உட்கார்ந்திருக்கிறான். அவர்கள் அவனை வெளியே அனுப்பவில்லை. அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பவில்லை. இயேசு மறுபடி வந்தபோது, அவன் கேட்ட அதே காயத்தை அவனிடம் நீட்டுகிறார். ‘என் ஆண்டவரே! என் தேவனே!’ என்று சொன்னதும் இந்தத் தோமாதான்.

ஆகவே, கேள்வி பாவமல்ல. நம்பக்கூடாது என்று முன்பே முடிவெடுத்துவிட்டு அதற்குக் கேள்வி என்று பெயர் வைப்பது வேறு; எது எதுவென்று உங்களுக்கே தெரியும். சபைக்குப் போங்கள். கடைசி வரிசையில் உட்காருங்கள், பாடமுடியாத பாட்டைப் பாடவேண்டாம். வீட்டுக்குள்ளே இருங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: சந்தேகம் என்று வாயைத் திறந்தாலே ‘சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்’ என்று யாக்கோபின் வசனத்தைச் சொல்லி வாயை அடைத்துவிடுகிறார்கள்.

பதில்: அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும், அவர் ‘ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்’ என்று இருக்கிறது. யாக்கோபு கண்டிப்பது இருமனத்தை: கடவுளிடம் ஒரு காலும் வேறிடத்தில் ஒரு காலுமாக நின்று பேரம் பேசுவதை. விளங்காததை விளங்கவில்லை என்று அவரிடமே போய்ச் சொல்வது அந்தக் கணக்கில் வராது. கடவுளே கடிந்துகொள்ளாத இடத்தில் நாம் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்?

கேள்வி: குழுவில் மனம் திறந்து பேசினேன். மறு வாரம் அது சபை முழுக்கத் தெரிந்துவிட்டது, ‘ஜெபக் குறிப்பு’ என்ற பெயரில். இனி யாரிடம் சொல்வது?

பதில்: இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், கூட்டம் முடிந்து எல்லோரும் போனபிறகு ஓர் இளம்பெண் படிக்கட்டில் நின்று, ஆறு மாதமாக ஜெபிக்க வாய் வரவில்லை என்றாள். அடுத்த வாரம் ஜெபத்தில், ‘ஒரு சகோதரியின் விசுவாசத்தைத் திடப்படுத்தும்’ என்று வேண்டினேன். பெயர் சொல்லவில்லையே என்று எனக்கு ஒரு திருப்தி வேறு. அறையில் இருந்ததோ எட்டுப் பேர். கண்ணைத் திறந்தபோது அவள் வேதாகமத்தைப் பைக்குள் வைத்து, சத்தம் வராமல் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தாள். எங்கள் குழுவுக்குத் திரும்பவில்லை. வேறொரு சபையில் சேர்ந்தாள்.

அதிலிருந்து எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு: சொன்னவரிடம் கேட்காமல் அவருக்காகச் சத்தமாக ஜெபிக்கக்கூடாது. நீங்கள் முதலில் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் வாயிலிருந்து எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? அப்படிப்பட்டவராகப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவரிடம் சந்தேகத்தைக் கொண்டுபோனால் பதில் கிடைக்கும், காது கிடைக்காது.

கேள்வி: ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது சில வரிகளில் நாக்கு நின்றுவிடுகிறது. சொன்னால் மாய்மாலம், சொல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார்.

பதில்: 325-இல் நிசேயாவில் கூடிய பேராயர்கள் எழுதிய பிரமாணம், கிரேக்க மூலத்தில் ‘விசுவாசிக்கிறோம்’ என்றுதான் தொடங்குகிறது. வழிபாட்டுப் பயன்பாட்டில்தான் அது ‘விசுவாசிக்கிறேன்’ என்று ஒருமையானது. எனக்கு அந்தப் பழைய பன்மை பெரிய ஆறுதல். நாக்கு நிற்கிற வரியில் நின்றுகொள்ளுங்கள். அந்த வாரம் மற்றவர்கள் அதைச் சுமக்கட்டும். மாற்கு 2-இல் நான்கு பேர் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கினார்களே, அங்கே இயேசு கண்டது ‘அவர்கள் விசுவாசத்தை’. படுக்கையில் கிடந்தவன் அந்த நேரம் என்ன நினைத்தான் என்று மாற்கு சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கிறவர் பார்க்கட்டும்.

கேள்வி: மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பகுதி பழைய பிரதிகளில் இல்லை என்று படித்ததிலிருந்து வேதாகமத்தைத் திறக்கவே கை வரவில்லை.

பதில்: நீங்கள் படித்தது சரி. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் என்ற இரு பெரிய கிரேக்கப் பிரதிகளிலும் மாற்கு 16:8-உடன் முடிகிறது. பல மொழிபெயர்ப்புகளில் இது அடிக்குறிப்பாகவே இருக்கிறது. யாரும் மறைக்கவில்லை, நமக்குச் சொல்லித்தரவில்லை, அதுதான் குறை. உயிர்த்தெழுதல் செய்தி அதற்குப் பின்வரும் பன்னிரண்டு வசனத்தில் தொங்கவும் இல்லை: கல்லறை காலி என்பது 16:6-லேயே வந்துவிடுகிறது, பவுல் 1 கொரிந்தியர் 15-இல் சாட்சிகளை வரிசையாகச் சொல்கிறார். இது அறிவின் கேள்வி. இதற்கு ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று யாராவது சொன்னால் அது சோம்பல். பிரதிகளைப் பற்றித் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து படியுங்கள்.

கேள்வி: அம்மாவின் சுகத்துக்காக உபவாசமிருந்து ஜெபித்தோம். அம்மா இறந்துவிட்டார். ‘உங்களுக்கு விசுவாசம் போதவில்லை’ என்றார் ஒரு மூப்பர். அன்றிலிருந்து ஜெபம் நின்றுவிட்டது.

பதில்: மகளே, அந்த மூப்பர் சொன்னது பொய். பவுலே தன் தோழன் துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். தன் உடலில் இருந்த முள் நீங்கும்படி மூன்றுமுறை வேண்டியும் அது நீங்கவில்லை. பவுலுக்கும் விசுவாசம் போதவில்லையா?

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசாமல். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகு பேசியவற்றுக்குக் கடைசியில் கடவுளிடமே திட்டு வாங்கினார்கள்.

ஜெபிக்க வார்த்தை இல்லையென்றால் 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் துதிக்குத் திரும்பும். இது திரும்பாது, இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபமென்று வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரையும் பாருங்கள். சாகவேண்டும் என்ற எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது பிரசங்கம் அல்ல. சுட்ட அடையும் தண்ணீரும்.

கேள்வி: ஆராதனையை நேரலையில் பார்த்தால் போதாதா?

பதில்: நோயாளிக்கும் வீட்டைவிட்டு நகரமுடியாதவருக்கும் அது பெரிய உதவி. மற்றவர்களுக்குப் போதாது. நீங்கள் வரவில்லை என்பது திரைக்குத் தெரியாது.

பெரிய சபையில் தொலைந்துபோனதுபோல் இருந்தால் சிறு குழு ஒன்றில் சேருங்கள். 1742-இல் பிரிஸ்டலில் மெதடிஸ்டுகள் கட்டடக் கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பொறுப்பேற்று வாரம் ஒரு பென்னி வசூலிக்கத் தொடங்கினார்கள். வீடுவீடாகப் போனபோதுதான் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பது தெரியவந்தது. ‘வகுப்புக் கூட்டம்’ என்ற அவர்களுடைய சிறு குழு பிறந்தது அப்படித்தான்.

கேள்வி: அக்கா, உங்களுக்கு இப்போதும் சந்தேகம் வருமா?

பதில்: வரும். மத்தேயு 28:17-இல் உயிர்த்த இயேசுவைக் கண்டு பணிந்துகொண்டார்கள், ‘சிலரோ சந்தேகப்பட்டார்கள்’ என்றிருக்கிறது. சந்தேகப்பட்டவர்களைத் தனியே நிறுத்திவைத்துவிட்டு, ‘புறப்பட்டுப்போய்ச் சீஷராக்குங்கள்’ என்ற கட்டளையை அவர் கொடுக்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு குழந்தையின் அடக்க ஆராதனையில் எனக்குப் பாட்டு வரவில்லை. பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கமாகச் சாய்த்து, பாடப்பாட ஒவ்வொரு வரியையும் விரலால் காட்டிக்கொண்டே வந்தார். கடைசிச் சரணத்தில் நானும் சேர்ந்துகொண்டேனா என்று இப்போது நினைவில்லை.